செல்டா, பி.எட்., ஆன்லைன் டெஃபல்: வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்க எது உதவும்?

“செல்டா படிக்கலாமா, பி.எட். போதுமா, இல்லை ஆன்லைனில் 120 மணி நேர டெஃபல் ஒன்றை முடித்துவிட்டு வியட்நாம் கிளம்பிவிடலாமா?” இந்தக் கேள்வி பல வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. செல்டா என்பது பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் பயிற்றும் கேம்பிரிட்ஜ் சான்றிதழ்; டெஃபல் என்பது ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சிகளுக்கான பொதுப்பெயர். கேட்பவர்களில் இரண்டு வகையினர் அதிகம். பி.ஏ. ஆங்கிலம் முடித்துத் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் ஒரு வகை. பி.இ. முடித்து ஐ.டி.யிலோ கால் சென்டரிலோ சில வருடம் இருந்தவர்கள் இன்னொரு வகை. ஆங்கிலம் நன்றாக வருகிறது, அதையே வைத்துப் பிழைக்கலாமே என்பது இவர்கள் கணக்கு. இருவருக்கும் ஒரே பதில் பொருந்தாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சான்றிதழை வாங்கிவிட்டு நாட்டைத் தேடுவது தலைகீழ் வரிசை. எந்த நாடு, அங்கே பள்ளியா மொழி மையமா என்று முடிவானால், எந்தப் படிப்பு என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். பயிற்சி விற்கிறவர்கள் இந்த வரிசையைச் சொல்ல மாட்டார்கள்; அவர்கள் விற்பது சான்றிதழைத்தானே.

## எதை வைத்து எடைபோடுவது?

நான் பார்ப்பவை ஐந்து. முதலாவது, இந்திய பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டில் ஆங்கில ஆசிரியர் விசா கிடைக்குமா. இரண்டாவது, உங்கள் பட்டம்: என்ன பாடம், ரெகுலரா அஞ்சல் வழியா. மூன்றாவது, படிப்பின்போது நீங்கள் வகுப்பெடுப்பதை யாராவது உட்கார்ந்து பார்க்கிறார்களா. நான்காவது பணமும் நேரமும். கட்டணத்தோடு, அந்தக் காலத்தில் இழக்கும் சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது, இரண்டு மூன்று வருடத்தில் ஊர் திரும்பினால் அந்தச் சான்றிதழுக்கு இங்கே என்ன மதிப்பு.

இதில் முதல் இரண்டும் வாசலிலேயே ஆளை நிறுத்திவிடக்கூடியவை. அதனால் அவற்றை முதலில் பார்த்துவிடுவோம்.

## பாஸ்போர்ட் என்ற சுவர்

தென்கொரியாவின் ஈ-2 என்ற மொழி ஆசிரியர் விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் குடிமக்களுக்கானது. செல்டாவில் ‘ஏ’ கிரேடு வாங்கினாலும் ஹாக்வான்கள் என்ற தனியார் பயிற்சி மையங்கள் நம்மை எடுக்க முடியாது. 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்தியா–கொரியா பொருளாதார ஒப்பந்தத்தில் ஒரு சிறு வழி உண்டு: முறையான ஆசிரியர் தகுதி உள்ள இந்தியர்கள் அங்குள்ள பள்ளிகளில் உதவி ஆங்கில ஆசிரியராகச் சேரலாம். அந்த வழிக்கும் கேட்பது டெஃபல் அல்ல, ஆசிரியர் தகுதி.

ஜப்பான் கதை வேறு. பள்ளிகளில் மொழி கற்பிப்பதற்கான விசாவுக்கு அங்கே பார்ப்பது, அந்த மொழியின் வழியாகப் பன்னிரண்டு வருடம் கல்வி கற்றிருக்கிறீர்களா என்பதை. எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழியில் படித்தவர் பள்ளிக் கடிதங்களை வைத்து நிரூபித்துவிடலாம். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் மட்டும் ஆங்கிலத்துக்கு மாறியவருக்கு இங்கே கணக்கு இடிக்கும். இவர் எவ்வளவு நன்றாகக் கற்பிப்பார் என்று அந்தப் படிவம் கேட்பதே இல்லை.

இங்கிலாந்து 2023 பிப்ரவரியிலிருந்து இந்திய ஆசிரியர்களும் கியூ.டி.எஸ். என்ற பள்ளி ஆசிரியர் தகுதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று திறந்துவிட்டது. அதைக் கேட்டுப் பலர் ஆங்கில ஆசிரியர்களுக்கும் வாய்ப்பு என்று நினைத்துக்கொண்டார்கள். அது கணிதம், அறிவியல், பிரெஞ்சு, ஸ்பானிஷ் போன்ற மொழிகள் கற்பிப்பவர்களுக்கானது. ஆங்கிலப் பாட ஆசிரியர் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்படியென்றால் நிஜமாகவே திறந்திருக்கும் கதவுகள் எவை? வளைகுடாவில் உள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள், மாலத்தீவுப் பள்ளிகள், வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து ஆகிய இடங்களின் மொழி மையங்களும் பள்ளிகளும், ஓமான், சவூதி போன்ற இடங்களின் கல்லூரி ஆயத்தப் படிப்புகள். கடைசியில் சொன்னதற்கு எம்.ஏ.வும் அனுபவமும் வேண்டும். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டு படிப்புகளுக்கு வருவோம்.

## ஆன்லைன் 120 மணி நேர டெஃபல்

சில ஆயிரம் ரூபாய். தள்ளுபடி நாளில் இன்னும் குறைவு. வேலையை விடாமல் ராத்திரி உட்கார்ந்து முடித்துவிடலாம்.

120 என்ற எண் எங்கிருந்து வந்தது? செல்டா படிப்பின் வகுப்பு நேரம் சுமார் 120 மணி. அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்குள் இருந்த மாணவர்களையும் பின்வரிசையில் உட்காரும் டியூட்டரையும் விட்டுவிட்டார்கள். வீடியோ, கொள்குறி வினா, ஒன்றிரண்டு பாடத்திட்டம் எழுதி அனுப்புவது. அதோடு முடிந்தது. “சர்வதேச அங்கீகாரம்” என்று முத்திரை இருக்கும். அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு யாருடையது என்று தேடிப் பார்த்தால் அதுவும் ஒரு தனியார் நிறுவனமாகவே இருக்கும். இங்கிலாந்தில் தகுதிச் சான்றிதழ்களை ஒழுங்குபடுத்தும் ஆஃப்குவால் அமைப்பின் கீழ் வரும் ‘லெவல் 5’ ஆன்லைன் படிப்புகள் இதைவிட மேல்; பாடம் கனமாக இருக்கும். ஆனால் லெவல் என்பது பாடத்தின் கடினத்தைத்தான் குறிக்கிறது. நீங்கள் வகுப்பெடுத்தீர்கள் என்பதற்கு அது சாட்சி ஆகாது.

மறைமுகச் செலவு என்னவென்றால், நல்ல மையத்தின் டெமோ வகுப்பில் இது காலை வாரிவிடும். காகிதத்தில் தகுதி இருக்கும், பன்னிரண்டு குழந்தைகள் எதிரே உட்கார்ந்ததும் கை உதறும். அப்போது கிடைப்பது சம்பளம் குறைந்த, விசா வாங்கித் தருவதில் மெத்தனம் காட்டுகிற இடம்.

இது சரியாக இருக்கும் சூழல்களும் உண்டு. ஏற்கெனவே பல வருடம் வகுப்பெடுத்தவர், வேலை கொடுக்கிற இடம் பேசி முடித்துவிட்டது, பணி அனுமதிக்கு ஒரு டெஃபல் காகிதம் மட்டும் குறைகிறது என்றால் தாராளமாக வாங்குங்கள். இந்தத் தொழில் பிடிக்குமா என்று தொட்டுப் பார்க்கவும் மோசமில்லை. இதை மட்டும் நம்பி வேலையை விட வேண்டாம்.

## செல்டாவும் டிரினிட்டியும்

இரண்டையும் ஒன்றாகவே வைத்துப் பேசலாம். செல்டாவை நடத்துவது கேம்பிரிட்ஜ்; டிரினிட்டி என்று சொல்லப்படும் செர்ட் டெசால் சான்றிதழை நடத்துவது லண்டன் டிரினிட்டி கல்லூரி. இரண்டும் லெவல் 5. இரண்டிலும் நிஜ மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் வகுப்பெடுத்தே ஆக வேண்டும். முழு நேரமென்றால் நான்கைந்து வாரம். டிரினிட்டியில் ஒரு சுவாரசியமான பகுதி உண்டு: உங்களுக்கு அறவே தெரியாத ஒரு மொழியின் வகுப்பில் மாணவராக உட்கார்ந்து, அந்த அனுபவத்தை எழுத வேண்டும். இருபது வருடமாக ஆங்கிலம் பேசியவருக்கு, ஒன்றும் புரியாமல் விழிப்பது எப்படி இருக்கும் என்பதை நினைவூட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

செல்டாவின் உயிர் பயிற்சி வகுப்பில்தான் இருக்கிறது. நீங்கள் முக்கால் மணி நேரம் பாடம் எடுக்கிறீர்கள். டியூட்டரும் கூடப் படிப்பவர்களும் பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். வகுப்பு முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் அலசல் நடக்கும். நம் ஊரில் படித்து வந்தவர்களுக்கு முதல் வாரத்தில் விழும் குட்டு அநேகமாக ஒன்றுதான்: நிறையப் பேசுகிறீர்கள். இலக்கணத்தைப் பலகையில் விளக்கி, “புரிஞ்சுதா?” என்று கேட்டு, “எஸ் மிஸ்” வாங்கிக்கொண்டு நகர்வது நமக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். அங்கே அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. ‘ஹி யூஸ்ட் டு ஸ்மோக்’ என்ற வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தால், “முன்பு அவர் சிகரெட் பிடித்தாரா? ஒரு தடவையா, பல தடவையா? இப்போது பிடிக்கிறாரா?” என்று மூன்று குட்டிக் கேள்விகள் போட வேண்டும். பதில் வந்தால் புரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. பத்து வருட அனுபவமுள்ள ஆசிரியர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் திணறுகிறார்கள். புதியவர்களுக்கு மறக்க வேண்டியது குறைவு.

சேருவதற்குப் பட்டம் கட்டாயமில்லை. எழுத்துத் தேர்வும் நேர்காணலும் வைத்து, உங்கள் ஆங்கிலம் ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின் உச்சப் படிகளான சி1 மேல்மட்டத்திலோ சி2விலோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆனால் படிப்பில் சேரப் பட்டம் வேண்டாம் என்பதை விசாவுக்கும் வேண்டாம் என்று புரிந்துகொள்ளாதீர்கள். வியட்நாமிலும் தாய்லாந்திலும் முறையான பணி அனுமதிக்குப் பட்டம் வேண்டும்.

செலவுக்கு வருவோம். கட்டணமே லட்ச ரூபாயைத் தாண்டும். இந்தியாவில் நேரடியாக நடத்தும் மையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதால், தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் வேறு ஊரில் ஒரு மாதம் தங்கும் செலவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முழு நேரப் படிப்பின்போது வேறு வேலை சத்தியமாகப் பார்க்க முடியாது. ராத்திரி ஒரு மணி வரை பாடத்திட்டம் எழுதுவது சாதாரணம். ஆன்லைனில் நேரலையாக வகுப்பெடுத்து முடிக்கும் செல்டாவும் உண்டு. தங்கும் செலவு மிச்சம். ஆனால் முப்பது குழந்தைகள் கத்தும் அறையைச் சமாளிக்கும் பயிற்சி அதில் கிடைக்காது. சொல்லப்போனால் நேரடிச் செல்டாவிலும் அது குறைவுதான். பயிற்சி மாணவர்கள் பெரும்பாலும் ஆர்வமாக வந்து உட்காரும் பெரியவர்கள்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. மொழி மையங்கள் பலவற்றில் ‘நேட்டிவ்’ (ஆங்கிலம் தாய்மொழியான) ஆசிரியருக்கு ஒரு சம்பளம், மற்றவர்களுக்கு வேறு சம்பளம். அதே செல்டா, அதே வகுப்பு. வியட்நாமில் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்களோடும் போட்டி போட வேண்டும். வகுப்புகள் மாலையிலும் சனி, ஞாயிறிலும் குவிந்திருக்கும். மணிக் கணக்கில் சம்பளம் என்றால் டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு விடுமுறை மாதத்தில் கை கடிக்கும்.

யாருக்கு இது? பட்டம் இருக்கிறது, கொஞ்ச காலமாவது எங்கேயோ கற்பித்த அனுபவம் இருக்கிறது, பெரியவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் பிடிக்கும், பி.எட்.டுக்கு இரண்டு வருடம் ஒதுக்க முடியாது. இந்த நான்கும் சேர்ந்தால் செல்டா நல்ல முதலீடு. கார்ப்பரேட் பயிற்சி, ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சி என்று ஊர் திரும்பினாலும் கை கொடுக்கும். அரசுப் பள்ளி வேலைக்கு மட்டும் துளியும் உதவாது.

## பி.எட்.

“வெளிநாட்டுக்குப் போறதுக்குப் பி.எட்.டா?” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டு பி.ஏ. ஆங்கிலப் பட்டதாரிக்கு அதிகக் கதவுகளைத் திறப்பது இதுதான் என்பது என் எண்ணம்.

வளைகுடாவின் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஆங்கிலப் பட்டத்தோடு பி.எட்.டையும் கேட்கின்றன. மாலத்தீவில் பள்ளிப் படிப்பே ஆங்கில வழிதான். தள்ளி இருக்கும் தீவுகளில் தமிழ்நாடு, கேரளம், இலங்கையிலிருந்து போன ஆசிரியர்கள் நீண்ட காலமாக வேலை பார்க்கிறார்கள். செல்டாவை மட்டும் காட்டினால் இந்த இரண்டு இடங்களிலும், “பி.எட். எங்கே?” என்பார்கள்.

ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவான என்.சி.டி.இ.யின் 2014 விதிகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு வருடம், அதில் பதினாறு வாரம் பள்ளியில் நேரடிப் பயிற்சி. செல்டாவின் ஆறு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் இது எங்கேயோ இருக்கிறது, காகிதத்தில். நடைமுறையில் பல கல்லூரிகள் இந்தப் பதினாறு வாரத்தை ரெக்கார்டு நோட்டு எழுதுவதிலும் சார்ட் ஒட்டுவதிலும் கரைத்துவிடுகின்றன. மாணவர் வருகையே தராமல் சான்றிதழ் வாங்கும் கல்லூரிகளும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பயிற்சியை ஒழுங்காக நடத்தும் கல்லூரியாகப் பார்த்துச் சேர்ந்தால் மட்டும்தான் இந்த ஒப்பீட்டில் பி.எட். வெல்கிறது.

கட்டணம், அரசு மற்றும் உதவிபெறும் கல்லூரிகளில், செல்டாவைவிட வெகு குறைவு. உண்மையான விலை இரண்டு வருடச் சம்பளம். அப்புறம் ஒரு தடை: பி.எட்.டில் எந்தப் பாடம் என்பதை இளநிலைப் பட்டமே முடிவு செய்கிறது. பி.இ. படித்தவர் இதில் ஆங்கில ஆசிரியராக முடியாது.

வளைகுடா விஷயத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்குள்ள இந்தியப் பள்ளிகளில் பல இடங்களை, கணவரின் விசாவில் ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் பட்டதாரிப் பெண்கள் நிரப்புகிறார்கள். பள்ளிக்கு விசா செலவும் வீட்டுச் செலவும் மிச்சம். இதனால் சம்பளம் ஏறுவதில்லை. ஊரிலிருந்து தனியாகப் போகிறவருக்கு வீடு தருகிறார்களா என்பதே முதல் கேள்வியாகிறது. வீட்டு வாடகையைக் கையிலிருந்து கொடுக்க வேண்டுமென்றால் அந்த வேலையை விட்டுவிடலாம். மாலத்தீவில் தங்குமிடம் பெரிய பிரச்சினையாக இருக்காது. அங்கே தலைவலி பணம் அனுப்புவதில். சம்பளம் ரூஃபியாவில் வரும்; டாலர் தட்டுப்பாட்டால் வங்கிகள் மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு வைக்கின்றன. வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டுகிறவர் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளட்டும்.

ஊர் திரும்பினால் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதலாம், ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கலாம். இந்த ஐந்தாவது அளவுகோலில் பி.எட்.டுக்குப் போட்டியே இல்லை.

## வேறு வழிகள், சுருக்கமாக

ஹைதராபாத் ஈ.எஃப்.எல்.யூ. (ஆங்கிலம் மற்றும் அயல்மொழிப் பல்கலைக்கழகம்) 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கியது. அதன் ஆங்கிலம் கற்பித்தல் டிப்ளமோக்களுக்கு இந்தியக் கல்லூரிகளில் நல்ல பெயர். வெளிநாட்டு மொழி மையத்தில் அந்தப் பெயர் தெரியாது. கல்லூரி ஆசிரியராக நினைப்பவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன்.

பிரிட்டனில் எம்.ஏ. டெசால், அதாவது ஆங்கிலம் கற்பித்தலில் முதுகலை, பல லட்ச ரூபாய். அதில் கற்பித்தல் பயிற்சி இல்லாத படிப்புகளும் உண்டு, அது அங்கே பள்ளி ஆசிரியர் தகுதியும் தராது. 2024 ஜனவரியிலிருந்து இத்தகைய முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர் குடும்பத்தை அழைத்துச்செல்லவும் முடியாது. கடன் வாங்கிப் போக வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | ஆன்லைன் டெஃபல் | செல்டா / டிரினிட்டி | பி.எட். |
|---|---|---|---|
| காலம் | சில வாரம், ஓய்வு நேரத்தில் | முழு நேரமாக 4–5 வாரம் | 2 வருடம் |
| செலவு | சில ஆயிரம் | லட்சத்துக்கு மேல், தங்கும் செலவு தனி | கல்லூரியைப் பொறுத்தது. சம்பள இழப்பே பெரிது |
| பிறர் பார்க்க வகுப்பெடுத்தல் | பெரும்பாலும் இல்லை | 6 மணி நேரம், கடுமையான அலசல் | 16 வாரம். தரம் கல்லூரியைப் பொறுத்தது |
| பொருந்தும் இடம் | பணி அனுமதிக்கான கூடுதல் காகிதம் | மொழி மையம்; எம்.ஏ.வும் அனுபவமும் இருந்தால் கல்லூரி ஆயத்தப் படிப்பு | வளைகுடா இந்தியப் பள்ளிகள், மாலத்தீவு |
| பி.இ. பட்டதாரிக்கு | ஆம் | ஆம் | ஆங்கிலப் பாடத்துக்கு இல்லை |
| ஊர் திரும்பினால் | மதிப்பில்லை | தனியார் பயிற்சி நிறுவனங்கள் | பள்ளி, அரசு வேலை |

## எந்த வழி போனாலும் தப்ப முடியாத செலவு

சான்றொப்பம். பட்டச் சான்றிதழை முதலில் மாநில அளவில் சரிபார்த்து, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை வாங்க வேண்டும். ஓமான், பஹ்ரைன், சவூதி, ஜப்பான், கொரியா என்றால் அப்போஸ்டில் எனப்படும் அந்த அமைச்சக முத்திரையே போதும். அமீரகம், கத்தார், குவைத் என்றால் அந்தந்தத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும். செலவும் நாளும் கூடும். முத்திரைகள் சான்றிதழின் பின்பக்கம் விழும் என்பதால் லேமினேட் செய்த சான்றிதழை வாங்க மாட்டார்கள். நம் வீடுகளில் பட்டம் கைக்கு வந்த மறுநாளே லேமினேஷன் கடைக்குப் போய்விடுகிறது! பிரித்தெடுக்கும் கடைகள் இருக்கின்றன. கிழியாமல் வந்தால் அதிர்ஷ்டம்.

அடுத்தது இனிஷியல். பட்டத்தில் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். விண்ணப்பத்தைப் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு இவை இரண்டு வேறு ஆட்கள். இரண்டும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அஞ்சல் வழியில் படித்தவர்கள், குறிப்பாக வளைகுடாவுக்குப் போக நினைப்பவர்கள், எந்தப் படிப்புக்கும் பணம் கட்டும் முன் அந்தப் பட்டம் அங்கே ஏற்கப்படுமா என்று பள்ளியிடமே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஏஜென்ட் வழியாகப் போவதானால், இந்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று ஈ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் ஜி.எஸ்.டி. நீங்கலாக 30,000 ரூபாய். “இப்போதைக்கு டூரிஸ்ட் விசாவில் வாங்க, அங்கே மாற்றிக்கலாம்” என்கிற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2022இலிருந்து தாய்லாந்து வேலை என்று கூட்டிப்போய் மியான்மர், கம்போடியா, லாவோஸ் மோசடிக் கூடாரங்களில் அடைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு.

## சரி, எதைச் செய்வது?

பி.ஏ. ஆங்கிலம், வயது இருபத்தைந்துக்குள் என்றால் நல்ல கல்லூரியில் பி.எட். சேருங்கள். பிறகு இங்கேயே சி.பி.எஸ்.இ. பள்ளியில் இரண்டு வருடம் வேலை பாருங்கள். வளைகுடாப் பள்ளிகள் அனுபவம் இல்லாதவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

பி.இ. படித்தவர் முதலில் வார இறுதியில் ஏதாவது ஸ்போக்கன் இங்கிலீஷ் மையத்தில் ஆறு மாதம் கற்பித்துப் பாருங்கள். ஆறாவது மாதமும் வகுப்புக்குப் போகப் பிடித்தால் செல்டாவுக்குப் பணம் கட்டுங்கள்.

குடும்பத்தோடு போக நினைப்பவருக்கு மொழி மைய வேலை ஒத்துவராது. பிள்ளைகளின் கட்டணத்தில் சலுகை தரும் பள்ளி வேலையாகத் தேடுங்கள், அதற்கும் பி.எட். வேண்டும்.

வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, ஆள் எடுப்பது அதற்கு முந்தைய சில மாதங்களில். சான்றொப்பத்துக்கு ஆகும் நாட்களைக் கழித்தால், அடுத்த ஆண்டுக்கு முயல்கிறவர் பட்டமளிப்புச் சான்றிதழை இந்த ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பல்கலைக்கழகத்திலிருந்து வாங்கி வைத்திருக்க வேண்டும். புரொவிஷனல் சான்றிதழைத் தூதரகங்கள் பொதுவாக ஏற்பதில்லை.